முதியோர் இல்லம்: மாசக் கட்டணத்தை மட்டும் பார்த்தா கணக்கு தப்பும்



எங்க பெரியப்பா கூடலூர்க்காரர். பன்னீர் திராட்சைத் தோட்டம் வச்சிருந்தவர். பெரியம்மா போன பிறகு தனியா இருந்தார். அண்ணனுக்கு சென்னையில வேலை. எல்லாரும் பேசி முடிவு பண்ணி, கோயம்புத்தூர்ல ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்தோம். நல்ல ரூம், நல்ல சாப்பாடு, டாக்டர் வசதி. நாலாவது மாசம், "என்னைக் கூட்டிட்டுப் போயிருங்கப்பா"ன்னு போன். அதுவரைக்கும் நாங்க பார்க்கப் போனது ரெண்டே தடவை. ஊர்க் கூட்டாளிங்க ஒருத்தராலயும் போக முடியல. செலவுக் கணக்கு போட்டுக் கொடுத்தது ஆடிட்டரான நான்தான். அதுல கட்டணம் இருந்துச்சு, தூரம் இல்ல.

பெரிய இல்லம் ஏன் மலிவு?

ஒரு உதாரணம். இரவு நர்ஸ், டாக்டர் விசிட், ஆம்புலன்ஸ், ஜெனரேட்டர்னு மாசம் 3 லட்சம் நிலையான செலவுன்னு வச்சுக்குவோம். 150 பேர் இருந்தா தலைக்கு 2,000 ரூபாய். 50 பேர்னா 6,000. பெரிய இல்லத்துல தலைக்கு 4,000 மிச்சம். அதனாலதான் இல்லங்கள் பெரிய ஊர்லயே குவியுது.

2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-வது பிரிவும் இதே மாதிரிதான் யோசிக்குது: வசதியற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைஞ்சது 150 பேருக்கு.

மிச்சம் யாருக்கு, செலவு யாருக்கு?

அந்த ஒரு இல்லம் தேனி டவுன்ல வந்தா, அல்லிநகரத்து மகள் சாயங்காலம் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர். தோட்ட வேலைக்குப் போற மகளுக்கு ஒரு நாள் கூலி போச்சு. கூலி, பஸ், டீச்செலவு எல்லாம் சேர்த்து 700 ரூபாய்னு வைங்க. மாசம் நாலு தடவை 2,800. ரெண்டு பேர் போனா 5,600. அந்த 4,000 மிச்சம் இல்லத்தோட வரவு-செலவுல தெரியும். இந்த 5,600 எந்தப் புத்தகத்துலயும் வராது. நிஜத்துல நிறைய குடும்பங்கள் போறதையே குறைச்சுக்கும். அப்போ செலவும் குறையும், கணக்கு பார்க்க அழகா இருக்கும்!

சராசரியா, கடைசி ஆளா?

அஞ்சு குடும்பம்: மூணு தேனியில, ஒண்ணு உத்தமபாளையத்துல (30 கி.மீ.), ஒண்ணு கூடலூர்ல (50 கி.மீ.). இல்லம் தேனியில இருந்தா சராசரி தூரம் 16, அதிகபட்சம் 50. சின்னமனூர்ல (சுமார் 25 கி.மீ.) வச்சா சராசரி 21, அதிகபட்சம் 25. சராசரி 5 கிலோமீட்டர் கூடுது. ஆனா கடைசி ஊர்க்காரரோட தூரம் பாதியாகுது. திறமையான இடம் சராசரியைப் பார்க்கும், நியாயமான இடம் கடைசி ஆளைப் பார்க்கும். எது சரின்னு ஃபார்முலா சொல்லாது, நாமதான் முடிவு பண்ணணும்.

நீங்க செய்ய வேண்டியது

1. கட்டணத்தோட மாசப் பயணச் செலவையும் விடுப்பு நாட்களையும் கூட்டுங்க. உண்மையான விலை அதுதான்.

2. அடிக்கடி சிகிச்சை தேவைன்னா மருத்துவமனைக்குப் பக்கம் முக்கியம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்குல இருக்கு, அதாவது பள்ளத்தாக்குக்கு எதிர்த் திசையில. சாப்பாடும் துணையும் மட்டும் போதும்னா சொந்த ஊர்ப் பக்கமே பாருங்க.

3. ஜிஎஸ்டி கேளுங்க. வருமான வரிச் சட்டத்துல பதிவு பெற்ற அறக்கட்டளை இல்லத்துல, 60 வயசோ அதுக்கு மேலயோ ஆனவருக்கு, தங்கல், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாசம் 25,000 வரைக்கும் விலக்கு உண்டு. லாப நோக்கு நிறுவனத்துக்கு இந்த விலக்கு இல்ல.

4. அவங்க இருக்கப்போற இடம். அவங்களையே முதல்ல கேளுங்க.

பெரியப்பா இப்போ கம்பத்துல ஒரு சின்ன இல்லத்துல இருக்கார். ரூம் சுமார்தான், கட்டணமும் கொஞ்சம் கூட. ஆனா வாரத்துல ரெண்டு நாளாவது கூடலூர்ல இருந்து யாராவது பஸ் ஏறி வந்துடறாங்க. இந்தத் தடவை கணக்குல அதையும் வரவுல எழுதியிருக்கேன்.