உறங்கும் புழுவும் உழவரின் விழிப்பும்

பருத்தி எடுத்து முடிந்தது. இனிப் புழுவின் தொல்லை இல்லை என்று உழவர் பெருமூச்சு விடுகிறார். ஆனால் பகைவன் போய்விடவில்லை. அடுப்பெரிக்க வீட்டோரம் அடுக்கி வைத்த பருத்திமாரில், உலர்ந்த காய்க்குள், அவன் உறங்கிக்கொண்டிருக்கிறான்!

அப்பகைவனே இளஞ்சிவப்புக் காய்ப்புழு. பழுப்பு நிறச் சிறு அந்துப்பூச்சி ஒன்று சப்பையிலும் இளங்காயிலும் முட்டையிடுகிறது. பொரித்து வரும் புழு காயைத் துளைத்து உட்புகுந்து விதையைத் தின்கிறது. புகுந்த துளை மூடிக்கொள்வதால், வெளிப்பார்வைக்குக் காய் பழுதற்றதாகவே தோன்றும்.

மனிதரைப்போல் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் ஆற்றல் பூச்சிகளுக்கு இல்லை. சுற்றுப்புற வெப்பமே அவற்றின் வளர்ச்சிக்குக் கடிகாரம். வெம்மையான நாட்களில் முட்டை அந்துப்பூச்சியாக மாற ஏறத்தாழ ஒரு மாதம் போதும். குளிரில் அக்காலம் நீளும். ஆகவே அறிவியலார் நாட்களை மட்டும் எண்ணாது, நாள்தோறும் சேரும் வெப்பத்தைக் கூட்டி, அந்துப்பூச்சி வெளிவரும் காலத்தை முன்னறிகின்றனர்.

பகற்பொழுது குறுகிக் குளிர் தொடங்கியதும், முற்றிய புழுக்களில் பல கூட்டுப்புழு ஆவதில்லை. உண்பதை நிறுத்தி, இரு விதைகளை இழையால் பிணைத்து, அவற்றுள் சுருண்டு பல மாதங்கள் உறங்குகின்றன. வெப்பமும் ஈரமும் திரும்பியதும் விழித்தெழுகின்றன. வட இந்தியக் குளிரில் இவ்வுறக்கம் நெடியது. வெம்மை மாறாத தென்னகத்திலோ, செடி காய்த்து நிற்கும்வரை புழு ஓயாது பெருகும்.

இதை அறிந்தால் வெல்லும் வழியும் புலப்படும். சப்பை தோன்றுமுன் வெளிவரும் அந்துப்பூச்சியின் குஞ்சுகளுக்கு உணவில்லை. அந்தத் தலைமுறை வீணே மடியும். எனவே ஊரார் ஒரே காலத்தில் விதைத்து, ஒரே காலத்தில் அறுவடையை முடித்து, பருத்திமாரை அடுத்த விதைப்புக்கு முன் எரித்தோ தூளாக்கியோ விடவேண்டும். அடுப்புக்கென வைத்ததையும் அதற்குள் எரித்துத் தீர்ப்பதே நன்று.

மலட்டு அந்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டும், பி.டி. பருத்தியைப் பயிரிட்டும், செடிகளை உரிய காலத்தில் அழித்தும் போராடிய அமெரிக்கா, தன் பருத்தி நிலங்களில் இப்புழு ஒழிந்ததென 2018இல் அறிவித்தது. நம் நாட்டிலோ, பி.டி. பருத்தியின் நஞ்சையே தாங்கும் புழுக்கள் குஜராத்தில் தோன்றிய செய்தி 2010இல் வெளியாயிற்று. விதையை மட்டும் நம்பியிருந்தால் போதாது என்பதற்கு இதுவே சான்று.

ஒருவர் தம் காட்டைத் துப்புரவாக்கி, அடுத்தவர் வாளாவிருந்தால் பயனில்லை. அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது. புழு உறங்கும் காலமே உழவர் விழித்திருக்க வேண்டிய காலம். அவ்விழிப்பும் ஊர் கூடியதாக இருக்கட்டும்!