பதரிக்கு அப்பால் ஓர் ஊர்

பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய பதரியைத் தரிசித்து வந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. கோயிலுக்கு அப்பால் மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாணா கிராமத்தையும் அவர்களிற் பலர் எட்டிப் பார்த்திருப்பர். பீமன் வைத்ததாகச் சொல்லப்படும் கற்பாலம், பாறையிடுக்கில் இரைந்து பாயும் சரஸ்வதி நதி, ஒரு கோப்பைத் தேநீர். இவ்வளவோடு திரும்பிவிடுவது வழக்கம். அங்கே குடியிருப்போர் எதைக் கொண்டு ஜீவிக்கின்றனர் என்று கேட்போர் சிலரே. அதைக் குறித்து இம்மாதம் சிறிது எழுத விரும்புகிறோம்.

மாணா ஏறக்குறைய 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குடிகள் போட்டியா இனத்தின் மார்ச்சா பிரிவினர். உருளைக்கிழங்கும் ஓகல் என்னும் மலைத்தானியமும் கோடையில் விளையும். ஆனால் பயிர்க்காலம் மிகக் குறுகியது. நிலத்தை மட்டும் நம்பி இவ்வூரார் என்றும் வாழ்ந்ததில்லை. அவர்கள் வணிகர்கள்.

அவர்களுக்கு ஆடே வண்டி. ஆட்டின் முதுகில் இருபுறமும் சிறு பைகளைத் தொங்கவிட்டு, தானியமும் வெல்லமும் துணியும் ஏற்றி, 5,600 மீட்டர் உயரமுள்ள மாணாக் கணவாயைத் தாண்டித் திபெத்துக்கு ஓட்டிச் செல்வர். திரும்பும்போது அதே பைகளில் உப்பும் வெண்காரமும் கம்பளியும் வரும். சுமந்து சென்ற ஆடே கம்பளியும் தந்தது, இறைச்சியும் தந்தது. அந்தோனியோ தெ அந்திராதே என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் 1624-இல் திபெத்தை அடைந்ததும் இவ்வழியாகத்தான். 1954-இல் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், வணிகரும் யாத்திரிகரும் செல்வதற்கெனக் குறித்த ஆறு கணவாய்களுள் மாணாவும் ஒன்று. எட்டே ஆண்டுகள்! 1962 ஜூனில் ஒப்பந்தம் காலாவதியாயிற்று. அக்டோபரில் போர் மூண்டது. வழி அடைபட்டது. லிபுலேக், ஷிப்கி ஆகிய கணவாய்கள் 1990-களில் சிறு வணிகத்துக்கு மீண்டும் திறக்கப்பட்டன. மாணாவுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

சுமை இல்லாதபோது மந்தையை வைத்துக்கொள்வானேன்? ஆடுகள் குறைந்தன. 1967-இல் போட்டியா மக்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். படித்த இளைஞர் உத்தியோகம் தேடிக் கீழே இறங்கினர். ஊரில் எஞ்சிய தொழில் பெரும்பாலும் பெண்களுடையது. கையில் தக்ளி சுழல, வாசலில் அமர்ந்து கம்பளி நூற்கின்றனர். சால்வை, குல்லாய், விரிப்பு நெய்கின்றனர். நவம்பரில் கோயில் நடை சாத்தும்போது பெருமாளுக்கு நெய்யில் தோய்த்துப் போர்த்தும் கம்பளமும் இவ்வூர்ப் பெண்கள் நெய்து தருவதே.

நடை சாத்தியபின் ஊரும் மூடப்படும். கோபேசுவர் முதலிய தாழ்ந்த இடங்களுக்குக் குடும்பங்கள் இறங்கிவிடும். வசந்தத்தில் மீண்டும் ஏறும். ஆண்டுக்கு இருமுறை வீட்டைப் பூட்டிச் சாமான் கட்டுவது எத்தகையது என்பதை, மாற்றலாகி மாற்றலாகி ஊர் ஊராய்த் திரிந்த நம்மவருக்கு விளக்கவேண்டுவதில்லை. அப்பனியின் கொடுமைக்கு ஒரு சான்று: 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி மாணாவுக்கு அருகே பனிச்சரிவில் சாலைத் தொழிலாளர் எண்மர் மாண்டனர்.

முன்பு ‘இந்தியாவின் கடைசி கிராமம்’ என்றிருந்த பலகையில் 2023 முதல் ‘முதல் கிராமம்’ என்று எழுதியிருக்கிறார்கள். பலகை மாறியது நன்றே. ஆயினும், ஓராண்டுச் செலவுக்கு ஆறு மாத யாத்திரைக் காலத்திலேயே பொருள் சேர்க்கவேண்டிய நிலை மாறவில்லை. கடைகளில் ஆலைச் சால்வையும் கைத்தறிச் சால்வையும் கலந்தே தொங்குகின்றன. ஆலைச் சால்வையின் விலையைக் காட்டிக் கைத்தறிக்குப் பேரம் பேசுவோர் நம்மிலும் உண்டு, வருத்தத்துடன்தான் சொல்கிறோம். கைந்நூல் ஒரே சீராக இராது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தடிப்பும் மெலிவும் தெரியும். செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ செல்வோருக்குக் கூட்டம் குறைவாயிருக்கும். நெய்தவரோடு சிறிது நேரம் உட்கார்ந்து பேசவும் இயலும்.