நீக்ரோஸ் தீவின் பழப்புறா

பிலிப்பைன்ஸ் நாட்டின் நீக்ரோஸ் தீவில் கன்லாவோன் என்றொரு எரிமலை உண்டு. 1953 மே 1 அன்று அதன் சரிவில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், பழுத்து நின்ற ஒரு மரத்தில் ஒரு ஜோடிப் புறாக்கள் இருந்தன. பறவையியலாளர் தியோஸ்கோரோ ராபோரின் சேகரிப்புக்காக இரண்டும் சுடப்பட்டன. ஒன்று புதருக்குள் விழுந்து கிடைக்காமலே போனது. கிடைத்தது பெண் பறவை. அதன்பின் இந்த இனத்தை எவரும் உறுதியாகக் கண்டதில்லை.

1955-இல் ராபோரும் அமெரிக்கரான டில்லன் ரிப்ளேயும் அதைப் புதிய இனமென்று அறிவித்தார்கள். சாலிம் அலியோடு சேர்ந்து இந்தியத் துணைக்கண்டப் பறவைகளுக்குப் பத்துத் தொகுதிக் கையேடு எழுதியவரும் இந்த ரிப்ளேதான். பாடம் செய்யப்பட்ட அந்த ஒற்றைப் பறவை யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறிய புறா, குட்டையான வால். உடல் முழுக்க அடர்பச்சை, நெற்றி சாம்பல், தொண்டை வெள்ளை. கண்ணைச் சுற்றி இறகில்லாத மஞ்சள் தோல். சிறகை மடக்கினால் அதன்மேல் ஒரு மஞ்சள் பட்டை தெரியும், வாலடியும் மஞ்சள்.

இதன் வாழ்க்கையை நேரில் கண்டு எழுதியவர் யாரும் இல்லை. ஆனால் பழப்புறாக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான உடலமைப்பிலிருந்து நிறையவே அறியலாம். மாடப்புறா தானியம் பொறுக்கும்போது சிறு கற்களையும் சேர்த்து விழுங்குகிறது. தசை திரண்ட அதன் அரைவைப் பை, அந்தக் கற்களின் உதவியால் தானியத்தை மாவாக்கிவிடும். பழப்புறாவுக்கு அந்த வேலையே இல்லை. அதன் அரைவைப் பை மெல்லியது, குடல் குட்டை, வாய் நன்றாக விரியும். பழத்தை முழுசாக விழுங்கி, சதையை மட்டும் செரித்து, விதையை உடையாமல் எச்சத்தில் வெளியேற்றிவிடுகிறது. எச்சம் விழும் இடம் தாய்மரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கலாம். அத்தி போன்ற காட்டு மரங்கள் புதிய இடங்களில் முளைப்பது இப்படித்தான். பழப்புறாக்கள் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆகவே ஓரிடத்தில் குறைந்துபோனால் மறுபடி பெருகுவதும் மெதுவாகத்தான்.

ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு தனி இனம் என்று சொல்லலாமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. வேறு இரு இனங்களின் கலப்பாக இருக்குமோ என்றும் கேட்டார்கள். அந்த உலர்ந்த தோலிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. கலப்பு அல்ல, ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து தனியே வந்த கிளை. இந்த முடிவை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். இருக்கிறதா என்றே ஐயப்படும் ஒன்றைத் தேட யாரும் பணமும் ஆளும் ஒதுக்கமாட்டார்கள்.

ஆனாலும் தேடுவது எளிதல்ல. இலைக்குள் இலையாக மறையும் பச்சைப் பறவையைக் காட்டில் முதலில் கண்டுபிடிப்பது காதுதான். இதன் குரலோ யாருக்கும் தெரியாது. பிற பழப்புறாக்களின் கூவலுக்கு நடுவே கேட்டாலும் பிரித்தறிய வழியில்லை. காடும் சுருங்கிவிட்டது. நீக்ரோஸ் பிலிப்பைன்ஸின் கரும்புச் சீமை; சமவெளிக் காடுகள் முதலில் கரும்புக்குப் போயின, பிறகு சரிவுகளிலும் கோடாரி ஏறியது. 1980-களின் இறுதியில் தீவின் பரப்பில் சுமார் 4 விழுக்காடே காடாக மிஞ்சியிருந்தது. இந்தப் புறாவின் உண்மையான வாழிடம் தாழ்நிலக் காடாக இருந்து, 1,100 மீட்டர் என்பது அதன் மேல் எல்லையாக இருந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. அது சரியென்றால், 1953-இலேயே வீட்டின் பெரும்பகுதியை அது இழந்திருக்கிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை இன்னும் அற்றுப்போனதாக எழுதவில்லை. அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவே வைத்திருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. பக்கத்துத் தீவான செபுவில் காடழிந்ததோடு மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட செபு மலர்கொத்தி, 1992-இல் மிஞ்சிய ஒரு சிறு காட்டுத் துண்டில் மீண்டும் தென்பட்டது. நீக்ரோஸில் மிஞ்சியிருக்கும் காடு அதைவிடப் பெரியது. இருவாச்சிகளும், நெஞ்சில் செந்திட்டு கொண்ட நீக்ரோஸ் தரைப்புறாவும் இன்றும் அங்கே வாழ்கின்றன. பழப்புறா கிடைத்த பிறகுதான் அந்தக் காட்டைக் காக்க வேண்டும் என்றில்லை.