மலைநாட்டாரும் நாஜி ஆட்சியும்

போலந்து நாட்டின் தென்கோடியில், தாத்ரா மலையடிவாரத்தில் பொத்ஹாலே என்னும் நிலப்பகுதி உள்ளது. ஆடு மேய்த்து வாழ்ந்த அதன் மலைநாட்டாரைக் குராலே என்பர். தனி உடையும் தனி இசையும் உடையவராயினும், அவர்கள் பேசுவது போலிஷ் மொழியின் ஒரு கிளைமொழியே.

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. நாட்டைப் பிடித்த நாஜிகள் பிரித்தாளும் சூழ்ச்சியை மேற்கொண்டனர். குராலே மக்கள் போலிஷ்காரர் அல்லர். ஜெர்மானிய வழிவந்த தனி இனத்தார் என்று பறைசாற்றினர். அந்தக் கற்பனை இனத்துக்கு 'கோராலென்ஃபோல்க்' என்று பெயரும் சூட்டினர்.

இதற்குத் துணைநின்றவருள் முதல்வர் வாட்ஸ்வாஃப் க்ஷெப்டோவ்ஸ்கி. போருக்கு முன் உழவர் கட்சியில் பணியாற்றிய இவர், 1939 நவம்பரில் கிராக்கோ நகரின் வாவெல் கோட்டைக்குச் சென்று, ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்கை வணங்கி வரவேற்றார். ஃபிராங்க் அம்மாதமே சாக்கோபானே நகருக்கு வருகைதந்தார்.

பின்னர், மலைநாட்டார்க்கு 'கோ' என்னும் பொருளில் ஜெர்மன் முதலெழுத்துப் பொறித்த தனி அடையாளச் சீட்டு வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் 100க்கு ஏறக்குறைய 18 பேரே. அவருள்ளும் ஆதாயம் நாடியவர் சிலர். அச்சுறுத்தலுக்கு அஞ்சியவர் பலர். நாஜிப் படைக்கு மலைநாட்டுப் படைப்பிரிவு ஒன்று சேர்க்க முயன்றபோது, முன்வந்தவர் சில நூறு பேரே. வழியிலேயே பலர் தப்பி ஓட, அம்முயற்சி தோல்வியுற்றது.

மறுபுறம் பாருங்கள். 1941இல் அகஸ்டின் சூஸ்கி என்னும் கவிஞர் 'தாத்ராக் கூட்டமைப்பு' என்னும் எதிர்ப்பியக்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். பனிச்சறுக்கு வீராங்கனை ஹெலெனா மருசார், மலைகடந்து இரகசியச் செய்தி சுமந்தமைக்காக 1941இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒலிம்பிக் வீரர் புரோனிஸ்வாஃப் செக் 1944இல் ஆஷ்விட்ஸில் உயிர் நீத்தார்.

க்ஷெப்டோவ்ஸ்கியை 1945 ஜனவரியில் போலந்தின் விடுதலைப் படையினரே தூக்கிலிட்டனர். ஆனால் அவர் விட்டுச்சென்ற பழி அவரோடு ஒழியவில்லை. சீட்டை மறுத்தவர் குடும்பங்களும் அதனைச் சுமக்க நேர்ந்தது. ஓர் இனம் முழுவதையும் ஒரே தராசில் நிறுத்தது நாஜிகளின் பிழை. சிலர் செய்த துரோகத்துக்காக அம்மக்கள் அனைவரையும் பழித்தல், அதே பிழையை நாமும் செய்வதாகும்.