அணியின் உள்ளே ஒரு விளக்கு

சிலப்பதிகாரத்தில் வழக்கே சிலம்பின் உள்ளீடு பற்றியதுதான். கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கப் பரல். கோப்பெருந்தேவியின் சிலம்புக்குள் முத்துப் பரல். அணியின் வயிற்றைக் குடைந்து வேறொரு பொருளை உள்ளே வைத்து மூடுவது நம் பொற்கொல்லருக்கு அத்தனை பழைய வேலை. இப்போது அந்த இடத்தில் எல்.இ.டி. விளக்கையும் பட்டன் செல்லையும் வைக்கலாமா என்று நம் பிள்ளைங்க கேட்கிறாங்க. தாராளமாக வைக்கலாம். ஆனால் விளக்கு கழற்றி மாட்டுவதாக இருக்க வேண்டும். நகை நூறு வருஷம் இருக்கும், செல் இருக்காது.

மேல்நாட்டில் இது புதுசில்லை. 1882-இல் லண்டன் சவாய் அரங்கில் 'அயோலாந்தி' இசை நாடகத்தில் தேவதை வேடமிட்ட பெண்களின் தலையில் சிறு மின்விளக்குகள் மின்னின. பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் அதே காலத்தில் ஒளிரும் நகைகளைச் செய்தார். அன்றைய இழைவிளக்கு சுடும், மின்கலம் கனக்கும். அதனால் பெரும்பாலும் மேடையோடு நின்றுபோயிற்று. 1962-இல் சிவப்பு எல்.இ.டி.யும், 1990களில் பளிச்சென்ற நீல எல்.இ.டி.யும் வந்த பிறகுதான் வழி திறந்தது.

பெங்களூரில் பொன்னும் மின்சாரமும் பழைய சொந்தக்காரர்கள். 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு; நம் தெருவிளக்கு எரிந்ததோ 1905-இல். அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் தமிழர் எத்தனை பேர் என்பதை இந்த மலர் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கம் 2001-இல் மூடியாச்சு. ஆனால் நகரத்பேட்டை நகைப் பட்டறைக்கும் எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்கும் இன்றும் நடை தூரம்தான்.

ஒரு கெம்புக்கல் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் கல்லுக்கு அடியில் பளபளப்பான மெல்லிய தகட்டை வைத்து, பின்பக்கம் அடைத்துக் கட்டுவார்கள். முன்னால் வரும் வெளிச்சத்தைத் தகடு திருப்பி அனுப்பும். பின்னாலிருந்து விளக்குப் போட்டால் அதே தகடு மறைத்துவிடும். ஆகவே தகட்டை எடுத்துவிட்டுப் பின்பக்கத்தைத் திறந்து விட வேண்டும். பட்டை தீட்டிய கல்லைவிட உருண்டை முகமுள்ள கல்லே இதற்கு நல்லது. அதன் அடியை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினால் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரியாமல் கல் முழுக்கப் பரவும்.

மின்சாரத்துக்குப் போக ஒரு வழி, வர ஒரு வழி. பதக்கத்தின் உடம்பே ஒரு வழியாகலாம். இன்னொன்று எனாமல் பூசிய செப்புக்கம்பி. அது உடம்பைத் தொடக்கூடாத இடத்தில் என்ன வைப்பது? ஆசாரி கையிலேயே இருக்கிறது, அரக்கு! அது மின்சாரத்தைக் கடத்தாது.

சி.ஆர். 2032 செல் 3 வோல்ட், 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். மிச்ச ஒரு வோல்ட்டை 5 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 200 ஓம். கடையில் 220 ஓம் தடை கேட்டு வாங்குங்கள். கணக்குப்படி சுமார் 40 மணி நேரம் எரியும், போகப்போக மங்கும். வெள்ளை, நீல விளக்குகளுக்கு 3 வோல்ட்டை ஒட்டி வேண்டியிருப்பதால் செல் கொஞ்சம் தளர்ந்ததுமே சோர்ந்துவிடும். கெம்புக்குச் சிவப்பே அழகு.

நெருப்பு வேலையெல்லாம் முதலில் முடிய வேண்டும். வெள்ளிக்குப் பொடி வைத்து ஊதும் சூடு 700 டிகிரி அளவில் இருக்கும், எல்.இ.டி. பிழைக்காது. ஈயம் கலந்த சால்டரை நகைமேல் வைக்கவே வேண்டாம். பிறகு பழுது பார்க்க நெருப்பில் காட்டினால் ஈயம் பொன்னையும் வெள்ளியையும் அரித்துக் குழி விழச் செய்யும். விளக்கு, தடை, செல் மூன்றையும் தனிச் சிமிழில் வைத்துப் பின்பக்கம் திருகாணியால் பூட்டினால் இந்தத் தொல்லை வராது.

திருகாணிக்கு இன்னொரு காரணம், இதுதான் பெரிய காரணம். குழந்தை பட்டன் செல்லை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் வெந்து புண்ணாகிவிடும், உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நகத்தால் திறக்கும் மூடி கூடவே கூடாது. திருப்புளி இல்லாமல் திறக்கக்கூடாது. தீர்ந்த செல்லும் அதே ஆபத்துதான், மேஜைமேல் போட்டு வைக்காதீர்கள்.

வணிகனாக ஒரு வார்த்தை. பொன்னில் செய்தால் கல் எடையைக் கழிப்பதுபோல் விளக்குச் சிமிழின் எடையையும் கழித்துச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஹால்மார்க் 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. அது பொன்னின் தரத்துக்கு மட்டுமே, உள்ளே இருக்கும் விளக்குக்கு அல்ல. முதல் முயற்சியைச் செம்பில் செய்து பார்த்து, பிறகு வெள்ளிக்குப் போவது உத்தமம்.