சைட் வாங்கப் போகிறீர்களா?

பெங்களூரில் சொந்த வீடு வேண்டும். இது பலருடைய ஆசை. கூலி வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்க்கிறார்கள். நகையை விற்கிறார்கள். கடன் வாங்குகிறார்கள். எல்லாவற்றையும் போட்டு ஒரு சைட் வாங்குகிறார்கள். அந்தப் பணம் போனால் மீண்டும் சேர்ப்பது எளிதா?

2015-ஆம் ஆண்டு சாரக்கி ஏரியில் பல வீடுகள் இடிக்கப்பட்டன. அவை ஏரி நிலத்தில் இருந்தன. 2016-ஆம் ஆண்டு அவனி சிருங்கேரி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அவை மழைநீர்க் கால்வாய் மீது இருந்ததாகச் சொல்லப்பட்டது. வீடு இழந்த பலரிடம் பத்திரம் இருந்தது. வரி கட்டிய ரசீதும் இருந்தது. ஆனாலும் வீடு தப்பவில்லை.

ஏன் இப்படி ஆனது? பதிவு அலுவலகத்தில் விற்பனையைப் பதிவு செய்வார்கள். விற்பவருக்கு அந்த நிலம் சொந்தம்தானா என்று முழுவதும் ஆராய மாட்டார்கள். வரி ரசீது வரி கட்டியதற்கு மட்டுமே சாட்சி. எனவே வாங்குபவர்தான் விசாரிக்க வேண்டும்.

இடத்தைப் பாருங்கள்

பெங்களூர் ஏரிகள் நிறைந்த ஊர். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் முன்பு தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டு அரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. ஓர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்கு ஓடும். அந்தக் கால்வாயை 'ராஜகாலுவே' என்பார்கள். அதை அடைத்து வீடு கட்டினால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் பெரிய பங்களாக்களும் மூழ்கின. மக்கள் படகிலும் டிராக்டரிலும் வெளியேறினார்கள்.

மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். அங்கே நெடுநாள் வசிப்பவர்களிடம் கேளுங்கள். "முன்பு இங்கே என்ன இருந்தது? மழைத் தண்ணீர் எங்கே நிற்கும்? காவிரிக் குடிநீர் வருகிறதா? கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டுமா?" 2024 கோடையில் நகரில் பல ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. பஸ், பள்ளி, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள்.

காகிதத்தைப் பாருங்கள்

1. தாய்ப்பத்திரம்: நிலம் யார் யார் கை மாறி வந்தது என்று இதில் தெரியும்.

2. வில்லங்கச் சான்று: 30 ஆண்டுகளுக்கு வாங்குங்கள். பதிவான விற்பனையும் அடமானமும் இதில் தெரியும்.

3. மனை உத்தரவு: விவசாய நிலத்தை அப்படியே துண்டு போட்டு விற்பது 'ரெவின்யூ சைட்'. விலை குறைவு. ஆபத்து அதிகம். மனையாக மாற்றிய அரசு உத்தரவைக் கேளுங்கள்.

4. காத்தா: இது வரிக் கணக்கு. சொந்தம் என்பதற்கு இது மட்டும் போதாது.

5. அரசு கொடுத்த நிலமா? தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் அரசு கொடுத்த நிலத்தை, அரசின் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இது.

சர்வே எண்ணை நீங்களே படியுங்கள். காகிதங்களில் உள்ள எண்கள் பொருந்துகின்றனவா? கிராம வரைபடத்தில் அந்த எண் அருகே ஏரியோ கால்வாயோ இருக்கிறதா? கன்னடம் தெரியாவிட்டால், நம்பிக்கையான ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். தரகரின் ஆளாக அவர் இருக்கக் கூடாது. பிறகு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச உதவி உண்டு.

"இன்றே அட்வான்ஸ் கொடுங்கள், நாளை விலை ஏறிவிடும்" என்று தரகர் அவசரப்படுத்துவார். நீங்கள் அவசரப்பட வேண்டாம். எல்லாம் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.