வுழூ நீரும் மலக்குழி நீரும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் வீட்டோடு வீடு நெருங்கி அமைந்தவை; ஒரே வளவில் கிணறும் மலசலகூடக் குழியும் இருக்க, குழிநீர் மணல்வழியே எளிதாக நிலத்தடி நீரைச் சேர்வதால், கழிவுநீரை அதற்கு முன்பே தூய்மைப்படுத்துவது இங்கே உடனடித் தேவையாகும்.

ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவிலுள்ள சேதனப் பொருள்களை மெதேனாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும் காற்றின்றிய பரிகரிப்பு அதற்கான ஒரு வழி. காற்றூதும் இயந்திரம் இதற்கு வேண்டியதில்லை. எனினும் மெதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுவதால், நீர்த்த கழிவுநீர் ஓயாது பாயும் தொட்டியிலிருந்து அவை எளிதில் அடித்துச் செல்லப்படும். அமெரிக்காவின் அயோவா அரச பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேக் குழுவினர் வளர்த்தெடுத்த தொகுதிமுறைத் தொட்டி இதற்கு விடையளித்தது: ஒரே தொட்டியில் கழிவுநீரை நிரப்பி, தாக்கம் நிகழவிட்டு, சேற்றைப் படியவைத்து, மேலுள்ள தெளிநீரை மட்டும் வடிப்பதே அம்முறை. நிரப்பியவுடன் நுண்ணுயிர்களுக்கு உணவு மிகுந்திருக்கும். முடிவில் உணவு அருகி வாயு குறைவதால் சேறு கலங்காமல் படியும். 1998இல் வெளியான அவர்களது ஆய்வில், லீற்றருக்கு 600 மில்லிகிராம் இரசாயன ஒட்சிசன் தேவையுடைய, அதாவது சேதனப் பொருளை ஒட்சியேற்ற அவ்வளவு ஒட்சிசன் வேண்டிய, பால்மாக் கரைசலில் 20 முதல் 25 பாகை செல்சியசில் 6 மணி நேரத் தங்கலிலேயே 90 சதவீதத்துக்கு மேல் கரைந்த மாசு நீங்கியது. கல்முனையின் வெப்பம் இதற்கு நன்கு பொருந்தும்.

நீர்த்தலுக்கு ஒரு விலை உண்டு. ஒரு கன மீற்றர் நீரில் ஏறத்தாழ 20 லீற்றர் மெதேன் கரைந்தே வெளியேறிவிடும். ஒரு கிலோகிராம் ஒட்சிசன் தேவை நீங்கினால் கிடைக்கும் மெதேன் 350 லீற்றர் ஆதலால், லீற்றருக்கு 500 மில்லிகிராம் செறிவில் 70 சதவீதம் நீங்கும்போது கிடைக்கும் சுமார் 120 லீற்றரில் அந்த இழப்பு ஆறிலொரு பங்கு. செறிவு 200 ஆகக் குறைந்தால் பாதியை நெருங்கும். காபனீரொட்சைட்டைவிட மெதேன் புவியைப் பன்மடங்கு சூடாக்குவது என்பதால் இவ்விழப்பு அற்பமன்று. ஆகவே பள்ளிவாசல்களில் ஐவேளையும் தொழுகைக்கு முன் கழுவி வழியும் வுழூ நீரை, அநேகமாகத் தூயதான அந்நீரை, மலக்கழிவோடு கலக்காமல் தனிக்குழாயில் தென்னைக்கும் மரஞ்செடிகளுக்கும் திருப்புவதே முதல் வேலையாக இருக்கவேண்டும்.

தொட்டியைக் கட்டியதும் கிணறு காக்கப்பட்டுவிட்டதாகக் கருதவும் கூடாது. இம்முறை நைத்திரசனை அமோனியாவாகவே விட்டுவைப்பதால், அது மணலில் நைத்திரேற்றாகி நிலத்தடி நீரை அடையும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார அமைப்பு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டினால் பாதிக்கப்படுவோர் முதலில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளே. நோய்க்கிருமிகளும் பெருமளவு எஞ்சும். எனவே வடிநீர் நேரே குழிக்குச் செல்லாமல், நாணல் வளர்த்த சரளைப் பாத்தி போன்ற அடுத்த கட்டத்துக்குச் செல்லவேண்டும். நெருக்கமான இவ்வூர்களில் அதற்கான நிலத்தைப் பல வீடுகள் சேர்ந்தே ஒதுக்கமுடியும்.